புதிதாக அசெம்பிள் செய்த கணினி ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ பாகங்களை வாங்கி, நாலு வீடியோ பார்த்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணினியை மாட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். ஆள்தான் வேறு, சந்தேகம் பெரும்பாலும் அதேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன். இப்போது அதிகம் மாட்டப்படும் ஏஎம்5 ரைசன் (ஏஎம்டி), இன்டெல் எல்ஜிஏ1700 மதர்போர்டுகளை மனதில் வைத்து எழுதியது இது. ஏஎம்5, எல்ஜிஏ1700 என்பவை போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர்கள். பழைய ஏஎம்4 வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

புதுக் கணினியில் பாகம் நிஜமாகவே பழுதாக இருப்பது குறைவு. மாட்டியதிலோ செட்டிங்கிலோதான் கோளாறு அதிகம் இருக்கும். எனவே எதையும் திருப்பி அனுப்பும் முன்பு இதைப் படியுங்கள். உள்ளே கை வைக்கும் ஒவ்வொரு முறையும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) சுவிட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

பவர் பட்டனை அமுக்கினா ஒண்ணுமே நடக்கல. ஃபேன் கூட சுத்தல. போர்டு போயிடுச்சா?

முதலில் எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆஃப். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு இங்கேயே பிரச்சினை முடிந்துவிடும். அடுத்து 24 பின் கேபிள் கிளிக் என்று பூட்டும் வரை இறங்கியிருக்கிறதா, போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கான 8 பின் கேபிள் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் சந்தேகம் கேபினட்டின் பட்டன் வயர் மேல் போக வேண்டும். போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் சின்னப் பின்களில் ஒரு வரிசை தள்ளி மாட்டினாலும் பட்டன் வேலை செய்யாது. மேனுவலைப் பார்த்து பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களைக் கண்டுபிடித்து, கரண்டை மறுபடி போட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டையும் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள் (இதற்கு மட்டும் கரண்ட் இருக்க வேண்டும்). அந்தப் பட்டன் செய்யும் வேலையே அவ்வளவுதான். கணினி ஓட ஆரம்பித்தால் போர்டு நன்றாக இருக்கிறது, வயரை மாற்றிக் குத்தியிருக்கிறீர்கள். பவர் பட்டன் வயருக்குத் திசை கிடையாது. எல்இடி வயருக்கு மட்டும் பிளஸ், மைனஸ் உண்டு.

எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். எல்லாப் பாகங்களிலிருந்தும் அதன் கேபிள்களைக் கழற்றிவிடுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதன் இரு பக்கமும் கறுப்பு வயர்கள். கரண்ட் இல்லாத நிலையில் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. சில மாடல்களில் லோடு இல்லாதபோது ஃபேன் நின்றே இருக்கும். அதனால் ஒரு கேபினட் ஃபேனை அதில் மாட்டிச் சோதிப்பது நல்லது. எல்லா வயரும் கறுப்பாக இருந்து, எது எந்தப் பின் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இந்தச் சோதனையே வேண்டாம்.

இதில் தேறினால் லோடு தாங்கும் என்று அர்த்தமில்லை, ஆன் ஆகிறது என்று மட்டும்தான் தெரியும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) என்றால் அதனுடன் வந்த கேபிள்களை மட்டுமே போடுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா கேபிள் (ஹார்டு டிஸ்க்குக்குப் பவர் தருவது) இதிலும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் அந்த நொடியே எரிந்துவிடும்.

ஃபேன் எல்லாம் சுத்துது, ஆர்ஜிபி லைட்டும் எரியுது. ஆனா மானிட்டர்ல நோ சிக்னல். என்ன பண்றது?

மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும், போர்டில் அல்ல. மாடல் எண் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களில், உதாரணமாக 12400எஃப்பில், உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 5600, 7500எஃப் ஆகியவற்றிலும் கிடையாது. அப்படிப்பட்ட பிராசசர் வைத்துக்கொண்டு போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டினால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் திரை கறுப்புதான்.

கார்டு ஸ்லாட்டில் முழுவதும் இறங்கியிருக்கிறதா, அதற்குத் தனி பவர் கேபிள் போயிருக்கிறதா, மானிட்டரில் சரியான இன்புட் தேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கார்டின் ஃபேன் சுற்றாததை வைத்து மட்டும் கார்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சூடு ஏறும் வரை ஃபேனை நிறுத்தியே வைப்பது இன்றைய கார்டுகளின் வழக்கம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ரேம். அதைத் தொடும் முன் அடுத்த கேள்வியைப் படியுங்கள், போர்டே உங்களுக்கு வழி சொல்லும்.

போர்டு ஓரத்துல குட்டிக் குட்டியா நாலு லைட் இருக்கு. ஒண்ணு மட்டும் அணையாம எரியுது. அது எதுக்கு?

கணினி ஆன் ஆனதும் போர்டு ஒவ்வொன்றாகச் சோதிக்கும்: பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ், பூட் டிரைவ். ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய விளக்கு எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் சோதனை தடைப்பட்டிருக்கிறது. விளக்கு இல்லாத மலிவான போர்டு என்றால் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டி பீப் சத்தத்தை எண்ணலாம். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது மேனுவலில் இருக்கும்.

ஆனால் விளக்கு காட்டுவது தடைப்பட்ட இடத்தைத்தான், குற்றவாளியை அல்ல. ரேம் விளக்கு எரிந்தால் ரேம் பழுது என்று பலர் உடனே கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ரேம் சரியாக அமராதது, சாக்கெட்டில் வளைந்த பின், கூலரை ஒரு பக்கமாக மிக இறுக்கியது என்று எதனாலும் அதே விளக்கு எரியலாம். பூட் விளக்கு மட்டும் எரிந்தால் கவலையே வேண்டாம். விண்டோஸ் இன்னும் போடவில்லை என்றுகூட அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

முதல் தடவை ஆன் பண்ணி அஞ்சு நிமிஷம் ஆச்சு சார், இன்னும் கறுப்பாவே இருக்கு. ரேம் லைட் வேற எரியுது.

டிடிஆர்5 ரேம் போட்ட ஏஎம்5 போர்டு என்றால் காத்திருங்கள். முதல் முறை ஆன் ஆகும்போது ரேமுக்கு ஏற்ற நேரக் கணக்குகளைப் போர்டு தானாகச் சோதித்துக் கண்டுபிடிக்கும். மெமரி டிரெய்னிங் என்பது இதுதான். ரேம் அளவு அதிகமாக அதிகமாக நேரமும் கூடும். நடுவில் தானாக அணைந்து மறுபடி ஆன் ஆவதும் நடக்கும். பொறுமை இழந்து பவரை அணைத்தால் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும், நீங்களும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரம் தாண்டியும் அதே நிலை என்றால் அடுத்த பதிலுக்குப் போகலாம். பயாஸை (விண்டோஸுக்கு முன் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தாலும், சிமாஸ் கிளியர் செய்தாலும் (பயாஸ் செட்டிங்கை அழித்தாலும்), ரேமை மாற்றினாலும் இந்தக் காத்திருப்பு திரும்ப வரும்.

ரேம் ரெண்டு வாங்கினேன், ஸ்லாட் நாலு இருக்கு. எதுல போடணும்?

பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் சில போர்டுகள் ஓடும், சில ஓடாது. ஓடினாலும் டூயல் சேனல் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வேகம்) கிடைக்காது.

ரேமை அழுத்துவதற்குப் பலரும் பயப்படுகிறார்கள். இரு முனையிலும் கட்டை விரலை வைத்து, கிளிக் சத்தம் கேட்கும் வரை நன்றாக அழுத்துங்கள். பல போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும். கிளிப் இல்லாத முனை மேலே நின்றுவிட்டதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டும் போட்டு ஓடாவிட்டால் ஒன்றை மட்டும் ஏ2வில் போட்டுப் பாருங்கள், பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதை. ஒன்றில் ஓடி மற்றதில் ஓடாவிட்டால் பழுது எது என்று தெரிந்துவிடும்.

பிராசசரும் போர்டும் பொருந்தும்னு கடையில சொல்லித்தான் குடுத்தாங்க. ஆனா சிபியூ லைட் அணையவே மாட்டேங்குது.

சாக்கெட் பொருந்துவது வேறு, பயாஸ் அந்தப் பிராசசரை அறிந்திருப்பது வேறு. ஏஎம்5 சாக்கெட் உள்ள பி650 போர்டுகள் 2022ல் வந்தவை, ரைசன் 9000 வரிசை 2024ல் வந்தது. கடையில் நாளாக அலமாரியில் கிடந்த போர்டு என்றால் அதற்கு அந்தப் பிராசசர் யாரென்றே தெரியாது. எல்ஜிஏ1700 சாக்கெட் உள்ள பி660 போர்டில் 13, 14ஆம் தலைமுறை இன்டெல் போடும்போதும் இதே கதைதான். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் சப்போர்ட் பக்கத்தில் எந்தப் பிராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பட்டியல் இருக்கும்.

போர்டின் பின்பக்கம் ஃபிளாஷ்பேக் (பயாஸை அப்டேட் செய்யும்) பட்டன் இருந்தால் தப்பித்தீர்கள். ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் பயாஸ் கோப்பைப் போட்டு, மேனுவலில் சொன்னபடி பெயரை மாற்றி, குறித்துக் காட்டிய யுஎஸ்பி போர்ட்டில் செருகிப் பட்டனை அழுத்துங்கள். விளக்கு மினுங்கி நிற்கும் வரை எதையும் தொடக்கூடாது. இந்த நேரத்தில் கரண்ட் போனால் போர்டு சிக்கலில் மாட்டும், அதனால் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். பட்டன் இல்லையென்றால் போர்டு விற்ற கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். பொருந்தும் என்று சொன்னவர்கள் அவர்கள்தானே.

பயாஸும் சரி என்றால் 8 பின் கேபிளை இன்னொரு முறை பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்க்க அதே மாதிரி இருக்கும், பின் அமைப்பு வேறு. பலம் போட்டுத்தான் இறங்குகிறது என்றால் அது தவறான கேபிள்.

சாக்கெட்ல ஒரு பின் மட்டும் சாஞ்ச மாதிரி தெரியுது. நானே நிமித்திடலாமா?

கொஞ்சம் நிறுத்துங்கள். எல்ஜிஏ1700ல் 1700 பின், ஏஎம்5ல் 1718. ஒன்று நிமிர்க்கப் போய் நாலு உடைத்தவர்கள் உண்டு. உடைந்த பின்னுக்கு வைத்தியம் கிடையாது. முதலில் போனை டார்ச்சோடு பல கோணங்களில் பிடித்துப் படம் எடுங்கள். பின்களின் மினுக்கம் வரிசையாகத் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் ஒளி வேறு மாதிரி விழுந்தால் அங்கே வளைந்திருக்கிறது.

வளைந்த பின்னை வாரண்டியில் ஏற்க மாட்டார்கள், வாடிக்கையாளர் செய்த சேதம் என்பார்கள். அதனால்தான் போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், பிராசசரை வைப்பதற்கு முன்பே, சாக்கெட்டை ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். ஏற்கெனவே வளைந்துதான் வந்தது என்றால் அன்றைக்கே கடையில் பேசலாம். ஏஎம்4ல் பின்கள் பிராசசரில்தான் இருக்கும், 1331 பின். அவை தடிமனானவை. பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தைக் கொண்டு மெதுவாக நிமிர்த்த முடிகிறது.

எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன், எதுவும் புரியல. எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல அண்ணா.

எல்லாவற்றையும் கேபினட்டிலிருந்து வெளியே எடுங்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல் போர்டை வையுங்கள். அது வந்த வெள்ளிநிறக் கவர் மேல் வைக்க வேண்டாம், அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தக்கூடும். பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், இரண்டு பவர் கேபிள், மானிட்டர் கேபிள். அவ்வளவுதான். பிராசசரில் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும் சேர்க்கலாம். எஸ்எஸ்டி, யுஎஸ்பி, ஆர்ஜிபி, கேபினட் வயர் எதுவும் வேண்டாம். ஸ்க்ரூடிரைவரால் ஆன் செய்யுங்கள்.

பயாஸ் திரை வந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமலே போய்விடும். வராவிட்டால் கரண்டைப் பிடுங்கி, போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வைத்து மறுபடி போட்டு முயற்சி செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் ரேம், பிராசசர், போர்டு, எஸ்எம்பிஎஸ் நான்கில் ஒன்று பழுது என்று பேச ஆரம்பிக்கலாம். நண்பர் ஒருவரிடம் ஓடும் பாகத்தைக் கடன் வாங்கிச் சோதிப்பதுதான் அடுத்த படி.

நீங்க சொன்ன மாதிரி வெளிய வெச்சா ஓடுது. கேபினட்குள்ள மாட்டினா ஆன் ஆகி ரெண்டு செகண்டுல அணைஞ்சிடுது.

கண்டுபிடித்துவிட்டீர்கள், ஷார்ட் ஆகிறது. போர்டுக்கு அடியில் கேபினட் தட்டில் இருக்கும் பித்தளைத் திருகுகளை எண்ணுங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் அது போர்டின் பின்பக்கத்தைத் தொடும். கேபினட் பெரியது, போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் (சிறிய அளவு) என்றால் இது சகஜம். அதிகப்படியானதைக் கழற்றிவிடுங்கள். தவறி விழுந்த திருகு ஏதாவது உள்ளே கிடக்கிறதா, பின்பக்கத் தகட்டின் நாக்கு யுஎஸ்பி போர்ட்டுக்குள் மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேபினட்டின் முன்பக்க யுஎஸ்பி வயரும் காரணமாகலாம். அதை மட்டும் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள்.

பயாஸ்ல சும்மா நிக்கும்போதே சிபியூ 90 டிகிரி காட்டுது. வெடிச்சிடுமா?

வெடிக்காது. எல்லை தாண்டினால் தானாக வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். ஆனால் பயாஸில் 90 என்றால் கூலர் சரியாகத் தொடவில்லை. அடித்தகட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? இன்டெல்லோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று பூட்டாமல் நின்றாலே ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். போர்டைத் திருப்பி நான்கும் வெளியே வந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். தண்ணீர்க் கூலர் என்றால் பம்ப்பின் வயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூலரைக் கழற்றினால் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும்.

பயாஸில் 45, கனமான வேலையில் மட்டும் 95 என்றால் அது வேறு. ரைசன் 7000 எக்ஸ் வரிசை பிராசசர்கள் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படி ஏஎம்டி வடிவமைத்தவை. அதோடு அமெரிக்காவில் குளிர்ந்த அறையில் எடுத்த வீடியோவின் அளவை மே மாதத்து வேலூரில் எதிர்பார்க்க முடியாது. அறை 15 டிகிரி கூடினால் பிராசசரும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும்.

"சிபியூ ஃபேன் எரர்"னு சொல்லிட்டு உள்ளயே போக மாட்டேங்குது. ஃபேன் நல்லா சுத்துதே!

வேறு ஃபேன் பின்னில் மாட்டியிருக்கிறீர்கள். சிபியூ ஃபேன் என்று எழுதிய இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர்க் கூலர் வைத்திருந்து அந்த இடம் காலியாக இருந்தால் பம்ப் வயரை அங்கே மாட்டலாம், அல்லது பயாஸில் அந்த எச்சரிக்கையை அணைக்கலாம்.

எஸ்எஸ்டி மாட்டியாச்சு. விண்டோஸ் போடும்போது டிரைவே இல்லைன்னு சொல்லுது.

பயாஸில் அந்த எஸ்எஸ்டி தெரிகிறதா? இதற்குப் பதில் ஆம் என்றால் ஒரு வழி, இல்லை என்றால் வேறு வழி.

பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால், இன்டெல் போர்டில் விஎம்டி என்ற செட்டிங் ஆன் ஆக இருக்கலாம். ரெய்டு (பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்ப்பது) போடப் போவதில்லை என்றால் அதை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். விண்டோஸ் ஏற்கெனவே போட்டு ஓடும் கணினியில் மட்டும் அதைச் சட்டென்று மாற்றாதீர்கள், பூட் ஆகாமல் போகலாம்.

பயாஸிலேயே தெரியாவிட்டால், எம்.2 எஸ்எஸ்டியில் (போர்டிலேயே நேராகச் செருகும் வகை) சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. ஸ்லாட்டில் செருகும் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா. புதிய போர்டுகள் பலவற்றில் எம்.2 ஸ்லாட் என்விஎம்இயை மட்டும்தான் ஏற்கும். இன்னொரு விஷயம், சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு செயலிழக்கும். பழைய ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் அதை வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். எது எதோடு சண்டை போடும் என்று மேனுவலில் அட்டவணை இருக்கும். இரண்டாவது டிரைவ் புதிது என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் இனிஷியலைஸ் செய்து ஃபார்மேட் செய்யாமல் அது எங்கும் தெரியாது. 1 டிபி வாங்கி 931 ஜிபி காட்டுவது ஏமாற்று அல்ல, கணக்கிடும் முறை அப்படி.

விண்டோஸ் 11 பாதில நெட் கேட்டு நிக்குது. வைஃபையே காட்டல. வைஃபை கார்டு போச்சா?

டிரைவர் இன்னும் இல்லை, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் (போனின் நெட்டைக் கணினிக்குப் பகிர்வது) போடுங்கள், பெரும்பாலும் உடனே ஏற்கும். போர்டு பெட்டியில் வந்த ஆன்டெனாவைத் திருகினீர்களா என்பதையும் பாருங்கள். அது இல்லாமல் பக்கத்து அறை ரவுட்டர்கூடச் சரியாக எட்டாது.

6000 ரேம்னு காசு குடுத்து வாங்கினேன். 4800தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. டிடிஆர்5 ரேம் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால் 4800 போன்ற பொது வேகத்தில்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்று இருப்பதை ஆன் செய்தால்தான் பெட்டியில் போட்ட வேகம் வரும். சிபியூ-இசட் மென்பொருளில் 3000 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அதை இரண்டால் பெருக்க வேண்டும்.

ஆன் செய்த பிறகு கணினி தடுமாறினால் ஒரு படி குறைத்து வையுங்கள். நான்கு ரேம் போட்டவர்களுக்கு இது இன்னும் சிக்கல். ரைசன் 7000க்கு இரண்டு ரேமில் 5200, நான்கு ரேமில் 3600 என்பதுதான் ஏஎம்டி உறுதி தரும் வேகம். அதற்கு மேல் ஓடினால் நம் அதிர்ஷ்டம். 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16 வாங்குங்கள், நான்கு 8 வேண்டாம்.

கேம் ஆடும்போது பட்டுனு ரீஸ்டார்ட் ஆகுது. ஈவன்ட் வியூவர்ல கர்னல் பவர் 41னு இருக்கு. எஸ்எம்பிஎஸ் மாத்தணுமா?

41 என்ற எண் காரணத்தைச் சொல்வதில்லை. முறையாக அணையாமல் கணினி நின்றுவிட்டது என்று மட்டும் அடுத்த முறை ஆன் ஆனபோது விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது. கரண்ட் போனாலும் அதே 41தான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்கள் பலர், பிரச்சினை போகாமல் திரும்பி வந்தவர்களும் பலர்.

முதலில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஒரு நாள் ஆடிப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டால் காரணம் ரேம் வேகம். இல்லையென்றால் யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி கேமில் அதைத் தாண்டிவிடும். அடுத்து, கார்டுக்கு இரண்டு 8 பின் வேண்டுமென்றால் ஒரே கேபிளின் இரண்டு தலைகளைப் போடாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி கேபிள் கொடுங்கள். 16 பின் கனெக்டர் உள்ள கார்டு என்றால் இடைவெளி துளியும் தெரியாமல் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். 2022ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் கனெக்டர் உருகிய செய்திகள் நினைவிருக்கும், அதில் முழுவதும் செருகாதது ஒரு முக்கியக் காரணம். இத்தனைக்கும் பிறகு எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படலாம். அப்போதும் வாங்குவதற்கு முன் கடன் வாங்கிச் சோதியுங்கள்.

ரீஸ்டார்ட் இல்ல, புளூ ஸ்கிரீன் வருது. ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர் சொல்லுது.

பெயர் மாறிக்கொண்டே இருந்தால் ரேம் மேல் சந்தேகப்படுங்கள். மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் கணக்கு. எக்ஸ்எம்பி இல்லாமலும் பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாக, மேலே ரேம் கேள்வியில் சொன்ன மாதிரி.

ரேம் தேறி, உங்களிடம் இருப்பது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9, அல்லது ஐ5 13600கே, 14600கே என்றால் இன்னொரு சாத்தியம் உண்டு. அதிக வோல்டேஜால் இந்தப் பிராசசர்கள் காலப்போக்கில் கெடுவதை இன்டெல்லே 2024ல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தங்களை பயாஸ் வழியாக வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு கூட்டியது. புதிய பயாஸ் கெடாமல் காக்கும், கெட்டதைச் சரி செய்யாது. புதுப் பிராசசர் என்றால் முதல் வேலையாக பயாஸ் அப்டேட் செய்யுங்கள். யாரிடமாவது பழையது வாங்கியிருந்தால் எந்த பயாஸில் ஓடியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேபினட்டைத் தொட்டா சுருசுருன்னு லேசா ஷாக் அடிக்குது. எஸ்எம்பிஎஸ் லீக்கா?

எஸ்எம்பிஎஸ்ஸில் கோளாறு இருக்க வேண்டியதில்லை, வீட்டு எர்த்தில்தான் பெரும்பாலும் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் மின் லைனுக்கும் கேபினட் உடலுக்கும் நடுவே இருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சொற்ப மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அளவில் மிதந்துகொண்டிருக்கும். மின்சாரத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் தெரிகிறது.

இரண்டு பின் அடாப்டர், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் தூக்கிப் போடுங்கள். மூன்று பின் சாக்கெட்டிலேயே மாட்டியும் இப்படி என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் அளக்கச் சொல்லுங்கள். பழைய வாடகை வீடுகளில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் வயர் இருக்காது. நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டில் இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும், ஆளைக் கொல்லும். ஷாக் சுருசுருவென்று இல்லாமல் பலமாக அடித்தால் உடனே பிடுங்கி வையுங்கள்.

கார்டுல இருந்து கீச்சுனு சத்தம் வருது, கேம் போட்டா மட்டும்.

கார்டிலுள்ள கம்பிச்சுருள் (காயில்) அதிரும் சத்தம் அது. ஆபத்து இல்லை. கேமில் எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு எத்தனை படம் என்ற அளவு) வரம்பு வைத்தால் குறையும். இதற்காக மட்டும் வாரண்டியில் மாற்றித் தருவது அரிது.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஆனா மவுஸ் பழைய மானிட்டர் மாதிரியே இழுக்குது.

விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் 60 என்று இருக்கும், மாற்றுங்கள். பட்டியலிலேயே 144 இல்லையென்றால் டிஸ்பிளே போர்ட் கேபிளுக்கு மாறுங்கள். அப்போதும் இல்லையென்றால் கேபிள் போர்டில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், நோ சிக்னல் கேள்வியில் சொன்ன அதே விஷயம்.

போர்டுதான் பழுதுன்னு உறுதியாயிடுச்சு. முழுக் கணினியையும் கடைக்குத் தூக்கிட்டுப் போகவா?

வேண்டாம், பழுதான பாகம் மட்டும் போதும். வாங்கிச் சில நாள்தான் ஆகிறது என்றால் முதலில் கடைக்குப் போங்கள், மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். நாளாகிவிட்டால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நேராகப் போவதே வேகம். பில், சீரியல் எண் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி இரண்டும் வேண்டும். பெட்டி வைக்க வீட்டில் இடமில்லை என்றால் ஸ்டிக்கரையாவது படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கும்போதே அந்தப் பொருளுக்கு இந்திய வாரண்டி உண்டா என்று பார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பொருளை இங்கே பலர் ஏற்பதில்லை.

போர்டைக் கொடுக்கும்போது சாக்கெட்டின் மேல், போர்டோடு வந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும். பிராசசரை மாட்டியதும் அதைக் குப்பையில் போட்டவர்கள் அதிகம், மூடி இல்லாமல் பல சர்வீஸ் சென்டர்கள் வாங்க மாட்டார்கள். கொடுப்பதற்கு முன் அவர்கள் மேஜையிலேயே சாக்கெட்டைப் படம் எடுத்துக்கொண்டு, ரசீதில் பின்கள் நன்றாக இருப்பதாக எழுதி வாங்குங்கள்.